இல்லாத ஆள் கேட்ட விலை

தமிழில் ஏலத்தை ஒருவர் கூறுவார், மற்றவர்கள் கேட்பார்கள். விலையைச் சொல்கிறவரையே 'கேட்கிறவர்' என்று அழைக்கும் இந்த வழக்கின் அழகைப் பற்றி நாங்கள் பலமுறை பேசியிருக்கிறோம். 'ஏலம்' என்ற சொல்லே போர்த்துக்கீசியரின் 'லெய்லாவ்' என்பதிலிருந்து வந்தது என்று அகராதிகள் குறிக்கின்றன. கப்பலில் வந்திறங்கிய சொல்தான். ஆனால் அதற்குரிய வினைகளை நாமே தந்தோம். 'ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம்' என்னும் கூவலும் நம்முடையதே. இத்தனை இருந்தும் ஏலக்களத்தில் நிற்கும் இன்னொரு வகை மனிதருக்குத் தமிழில் நிலைத்த பெயர் ஏதும் அமையவில்லை. பொருளை வாங்கும் எண்ணமே இல்லாமல், விற்பவரின் ஏற்பாட்டில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று, விலையை மட்டும் ஏற்றிவிட்டுப் போகிறவர் அவர். 'ஏற்றிவிடுகிற ஆள்' என்போம். கொஞ்சம் கோபம் வந்தால் 'செட்டப் ஆள்' என்போம். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேயர்கள் அவரை 'பஃபர்', அதாவது ஊதிப் பெருக்குகிறவர் என்றார்கள். இன்றைய இணைய ஏலங்களில் அவருக்கு 'ஷில்' என்று பெயர்.

பெயர் அமையாததற்குக் காரணம் ஒருவேளை இதுவாக இருக்கலாம்: நம் ஊர் ஏலங்களில் அவரை வைத்துக்கொள்வது எளிதன்று. புளியமரக் குத்தகையோ கண்மாய் மீனோ கோயில் பிரசாதமோ எதை ஏலம் விட்டாலும், கேட்கிறவர் யார், யாருடைய மைத்துனர், அவர் மடியில் எவ்வளவு இருக்கும் என்பது கூட்டத்துக்குத் தெரியும். விழுப்புரம் மாவட்டம் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்தில் ஒட்டனந்தல் என்னும் ஊரில், பங்குனி உத்திரத்தின்போது முருகன் வேலில் செருகிய எலுமிச்சம்பழங்களை ஆண்டுதோறும் ஏலம் விடுகிறார்கள். 2024-இல் ஒன்பது பழங்கள் 2 இலட்சத்து 36 ஆயிரம் ரூபாய்க்குப் போயின. வெளியூர்க்காரர் அந்த விலையைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் கேட்டவர் அங்கே நிற்கிறார்; பணத்தைக் கட்டிவிட்டுப் பழத்தை மனைவியின் கையில் கொடுக்கிறார்; ஊரே பார்க்கிறது. விலை எவ்வளவு விசித்திரமானதாக இருந்தாலும் அதற்குப் பின்னால் ஒரு முகம் இருக்கிறது.

இணைய ஏலத்தில் இல்லாமற்போவது அந்த முகம்தான்.

நாங்கள் மூவர். ஒருவர் வங்கியில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர், ஒருவர் பள்ளி ஆசிரியர், ஒருவர் அச்சகம் நடத்துகிறவர். பழைய சென்னைப் பட அஞ்சலட்டைகளை ஒரே கணக்கில், ஒரே பணப்பையிலிருந்து வாங்கிச் சேர்த்து வருகிறோம். 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹிக்கின்பாதம்ஸும், வீலே அண்ட் க்ளைன் என்னும் சென்னைப் புகைப்பட நிறுவனமும் நூற்றுக்கணக்கான காட்சிகளை அட்டைகளாக வெளியிட்டன. மௌன்ட் ரோடு, உயர்நீதிமன்றம், கூவத்துப் பாலங்கள், கட்டுமரங்கள், 'சென்னை மனித வகைகள்' என்று தலைப்பிட்டு நிறுத்திப் படம் பிடிக்கப்பட்ட ஏழை மனிதர்கள் எல்லாம் அவற்றில் உண்டு. இங்கிருந்த வெள்ளையர்கள் அவற்றை ஊருக்கு அனுப்பினார்கள். நூறு ஆண்டுகள் கழித்து அங்கே ஒரு பாட்டி இறந்து, வீடு காலி செய்யப்பட்டு, ஆல்பங்கள் பிரிக்கப்பட்டு, அட்டைகள் ஏலத் தளங்களுக்கு வந்து சேர்கின்றன. பாஜீ.காம் என்ற இந்திய ஏலத் தளத்தை 2004-இல் ஈபே வாங்கியது. அதன் வாரிசான இந்தியத் தளமும் 2018-இல் மூடப்பட்டுவிட்டது. எனவே எங்களைப் போன்றவர்களுக்குக் கடல் கடந்து போவதைத் தவிர வேறு வழி இல்லை.

படங்களுக்காக மட்டும் வாங்குகிறோம் என்றால் அது பாதி உண்மை. எங்களுக்கு வேண்டியது பின்பக்கம். 1902-க்குப் பிறகு பிரிட்டனில் முகவரிப் பக்கத்திலேயே செய்தியும் எழுதலாம் என்று விதி மாறியது. அதன் பிறகு வந்த அட்டைகளில் எழுத்து கூடுதல். வெயில், வேலைக்காரர்கள், காலரா, குழந்தையின் பல், அடுத்த கப்பல் என்று நாலு வரிக்குள் ஒரு வாழ்க்கை. இலக்கியம் என்று அவர்கள் நினைத்து எழுதவில்லை என்பதே அவற்றை வாசிக்கத்தக்கதாக ஆக்குகிறது.

இனி எந்திரத்தைச் சற்று விளக்க வேண்டியிருக்கிறது. (தெரிந்தவர்கள் இரண்டு பத்திகளைத் தாண்டிவிடலாம்.)

இத்தகைய தளங்களில் நாம் ஒவ்வொரு முறையும் கை தூக்க வேண்டியதில்லை. நமது உச்ச விலையை இரகசியமாகச் சொல்லிவிட்டுத் தூங்கப் போகலாம். நமக்காக எந்திரம் கேட்கும். ஆனால் அடுத்தவரை முந்துவதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டுமே கேட்கும். நாம் 42 பவுண்டு வரை போகத் தயார் என்றாலும், அடுத்தவர் பதினொன்றரையில் நின்றுவிட்டால் நமக்குப் பன்னிரண்டில் பொருள் கிடைத்துவிடும். வென்றவர் தம் விலையைத் தருவதில்லை. தோற்றவரின் விலையை ஒட்டித் தருகிறார். வில்லியம் விக்ரி என்ற பொருளியலாளர் 1961-இல் இந்த முறையைக் கணக்குப் போட்டு ஆராய்ந்தார். 1996-இல் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அறிவித்த மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார். ஆனால் விக்ரிக்கு வெகு முன்பே, 1893 அளவில், அமெரிக்க அஞ்சல்தலை வணிகர்கள் கடிதம் வழியாக நடத்திய ஏலங்களில் இதைக் கையாண்டிருக்கிறார்கள் என்பது எங்களைப் போன்ற சேகரிப்பாளர்களுக்கு ஒரு சிறு பெருமை.

இந்த முறையின் நேர்த்தி எங்கே இருக்கிறதோ அங்கேயேதான் ஓட்டையும் இருக்கிறது. விலையைத் தீர்மானிப்பவர் தோற்றவர். எனவே ஒரு பொய்யான தோற்பாளியை உருவாக்கினால் போதும். விற்பவர் வேறொரு பெயரில் வந்து, நம் இரகசிய உச்சத்தைத் தட்டித் தட்டிப் பார்க்கலாம். பதினான்கு, பதினாறு, பதினெட்டு என்று ஏறிக்கொண்டே வந்து, நம் உச்சத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்திவிட்டால் வெற்றி. இன்னும் துணிச்சலானவர்கள் ஒரேயடியாக ஐந்நூறு என்று கேட்பார்கள். நம் உச்சம் வெளிப்பட்டுவிடும். 'தட்டச்சுப் பிழை' என்று சொல்லித் தம் கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, அந்த உச்சத்துக்கு ஒரு பவுண்டு கீழே மறுபடி கேட்பார்கள். கணக்குத் தவறி அவரே வென்றுவிட்டாலும் பாதகமில்லை. 'வென்றவர் பணம் கட்டவில்லை, நீங்கள் கேட்ட விலைக்கே உங்களுக்குத் தருகிறேன்' என்று இரண்டாம் இடத்தவருக்கு எழுதத் தளமே வழி செய்து கொடுத்திருக்கிறது. உண்மையாகவே ஏமாந்த விற்பனையாளருக்காகச் செய்த ஏற்பாடு அது. ஏமாற்றுகிறவருக்கும் அதே கதவுதான்.

இதெல்லாம் இணையம் கண்டுபிடித்த பாவம் அன்று. 1776-இல் இலண்டனில் ஒரு குதிரை ஏலத்துக்கு வந்தது. இன்ன விலைக்குக் கீழே விடாதே என்று உரிமையாளர் சொல்லியும் ஏலம் கூறியவர் குறைந்த விலைக்கு விட்டுவிட்டார். உரிமையாளர் வழக்குப் போட்டார். ஏலம் கூறியவர் பெயர் கிறிஸ்டி. ஆம், அந்தக் கிறிஸ்டிதான். தீர்ப்பளித்த மான்ஸ்ஃபீல்டு பிரபு, உரிமையாளருக்காக மறைவில் விலை கேட்பது மற்றவர்களை ஏமாற்றுவதாகும் என்றார். குறைந்தபட்ச விலை வேண்டுமானால் அதைத் தொடக்க விலையாக வெளிப்படையாகவே வைத்திருக்கலாமே என்பது அவருடைய வாதத்தின் உட்பொருள். நம் நாட்டில் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்திலேயே பொய்க் கேள்விக்கு எதிரான பிரிவு இருந்தது; பின்னர் அது 1930-ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டத்தின் 64-ஆம் பிரிவுக்குள் போய்ச் சேர்ந்தது. விற்பவர் தாமும் கேட்பதாக முன்கூட்டி அறிவித்தால் கேட்கலாம். அறிவிக்காமல் பொய்யாகக் கேட்டு விலையை ஏற்றினால், அந்த விற்பனையை இரத்துச் செய்யும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. மெய்ப்பிப்பதுதான் பாடு. இங்கிலாந்தில் 2010-இல் பிராட்ஃபோர்ட் நீதிமன்றம், தாம் விற்ற பொருள்களுக்குத் தாமே விலை கேட்ட ஒருவருக்கு 5,000 பவுண்டு அபராதமும் 250 மணி நேரச் சமூகப் பணியும் விதித்தபோது, அது அந்நாட்டில் இத்தகைய முதல் வழக்கு என்று செய்தியாயிற்று. அத்தனை ஆண்டுகள், அத்தனை ஏலங்கள், அதற்குப் பிறகு ஒரு வழக்கு.

எங்களை அதிகம் பாதித்த கதை அமெரிக்காவினுடையது. 2000-ஆம் ஆண்டு மே மாதம் ஈபேயில் ஒரு பெரிய அரூப ஓவியம் விற்பனைக்கு வந்தது. தொடக்க விலை 25 சென்ட். ஓவியரின் பெயரே விளக்கத்தில் இல்லை. வீட்டில் வெகுநாள் கிடந்தது, ஓட்டையும் விழுந்திருக்கிறது என்று ஒன்றும் அறியாத குடும்பத்தலைவர் எழுதுவதுபோல எழுதியிருந்தது. ஆனால் புகைப்படத்தின் மூலையில் 'ஆர்டி 52' என்று கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு கையெழுத்து. ரிச்சர்ட் டீபன்கார்ன் என்ற புகழ்பெற்ற ஓவியரின் 1952-ஆம் ஆண்டுப் படைப்பு இது, பாவம் இந்த மனிதருக்குத் தெரியவில்லை என்று தமக்குள் எண்ணிக்கொண்டவர்கள் போட்டி போட்டார்கள். கடைசியில் நெதர்லாந்துக்காரர் ஒருவர் 1,35,805 டாலருக்குக் கேட்டிருந்தார். செய்தித்தாள்கள் மொய்த்தன. விற்றவர் கென்னத் வால்டன் என்னும் வழக்கறிஞர். அவரே வேறு பெயரில் தம் ஓவியத்துக்கு விலை கேட்டிருந்ததைக் கண்டு ஈபே விற்பனையை இரத்துச் செய்தது. 2001-இல் அவர் மீதும் கூட்டாளிகள் இருவர் மீதும் வழக்குப் பதிவானது. நாற்பதுக்கும் மேற்பட்ட பொய்ப் பெயர்களில், நூற்றுக்கணக்கான ஏலங்களில், மூவரும் ஒருவருக்கொருவர் விலை ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வால்டன் குற்றத்தை ஒப்புக்கொண்டார். வழக்கறிஞர் தொழில் போயிற்று. பின்னர் நிரல் எழுதக் கற்றுக்கொண்டார். 2006-இல் 'ஃபேக்' என்ற தலைப்பில் தம் கதையைப் புத்தகமாகவும் எழுதினார்.

அந்தக் கையெழுத்தைவிட எங்களுக்கு முக்கியமாகப் பட்டது வேறு. ஒரு துணியில் இரண்டெழுத்தைக் கிறுக்கினால் அது ஓவியமாகிவிடாது; இன்னொருவரும் அதைப் பார்த்துவிட்டார், அவருக்கும் தெரிந்திருக்கிறது என்ற எண்ணம் வர வேண்டும். ஆசையைப் பொறுத்தவரை நாம் எப்போதும் பக்கத்து இலையைப் பார்த்தே சாப்பிடுகிறோம். வால்டனும் நண்பர்களும் போலியாகத் தயாரித்தது ஓவியத்தை என்பதைவிட, பக்கத்து இலைக்காரரை என்று சொல்வதே பொருத்தம்.

இதற்குச் சில ஆண்டுகள் கழித்து ஒரு வேடிக்கை நடந்தது. தோற்றவர்களின் பெயர்கள் வெளியே தெரிந்ததால் மோசடிக்காரர்கள் அவர்களுக்கு எழுதி, 'பொருள் உங்களுக்கே' என்று பணம் பறித்தார்கள். இதைத் தடுப்பதற்காக ஈபே 2006, 2007 ஆண்டுகளில் கேட்பவர்களின் பெயர்களை மறைக்கத் தொடங்கியது. முதலெழுத்தும் கடைசியெழுத்தும் போல ஏதோ இரண்டு எழுத்துகள், நடுவில் மூன்று நட்சத்திரங்கள். மற்ற தளங்களிலும் இப்போது ஏறக்குறைய இதே வழக்கம். நியாயமான பாதுகாப்புத்தான். ஆனால் அதுவரை ஒரே பெயர் ஒரே விற்பனையாளரின் பின்னாலேயே சுற்றுவதைப் பொதுமக்களே கண்டுபிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கண்கள் கட்டப்பட்டன. ஈடாகக் கிடைத்தது ஒரு சிறு பட்டியல்: இவர் கடந்த முப்பது நாளில் எத்தனை முறை கேட்டார், எத்தனை முறை திரும்பப் பெற்றார், இதே விற்பனையாளரிடம் கேட்டவை எத்தனை விழுக்காடு. முகத்துக்குப் பதில் விழுக்காடு.

எங்கள் விவகாரம் இந்தப் பட்டியலில்தான் தொடங்கியது. தளத்தின் பெயரும் விற்பனையாளரின் பெயரும் வேண்டாம். இங்கிலாந்தின் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து விற்பவர் அவர். அதற்கு முன் ஐந்து முறை அவரிடம் வாங்கியிருந்தோம். அட்டைகளை இரு பக்கமும் தடித்த தாள் வைத்துப் பழைய அஞ்சல்தலைகளை ஒட்டி அனுப்புவார். உள்ளே இரண்டு வரி நலம் விசாரிப்பும் இருக்கும்.

ஆறாவதாக அவர் பன்னிரண்டு அட்டைகளை ஒரே தொகுதியாக ஏலத்துக்கு விட்டார். தொடக்க விலை 99 பென்ஸ். அவற்றுள் ஒன்று மூர் மார்க்கெட். 1900-இல் திறக்கப்பட்டு, 1985 மே மாத இறுதியில் எரிந்துபோன அந்தச் செங்கல் கட்டடம், நடைபாதைப் புத்தகக் கடைகளால் அடைபடுவதற்கு முந்தைய தோற்றத்தில், முன்னால் இரண்டு ஜட்கா வண்டிகளோடு நின்றது. எங்களுள் மூத்தவர் தம் பதினான்காம் வயதில் முதல் புத்தகம் வாங்கிய இடம். ஆனால் எங்களை நாற்காலி நுனிக்குக் கொண்டுவந்தது அது அன்று. நான்கு அட்டைகளின் பின்பக்கங்களையும் காட்டியிருந்தார். அவற்றுள் ஒன்று தமிழ். பென்சில் எழுத்து, புள்ளி வைக்காத பழைய வழக்கம், மயிலாப்பூர் முத்திரை. ஆங்கிலேயர் ஆல்பத்துக்குள் அது எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு ஊகம் மட்டுமே செய்ய முடியும். படத்தின் தெளிவில் பாதி வரிகள் தெரியவில்லை.

நாங்கள் 42 என்று முடிவு செய்து எழுதினோம். அதற்கு முன் 640 நற்சான்றுகள் உள்ள ஒருவர் பதினொன்றரைக்குக் கேட்டிருந்ததால், விலை பன்னிரண்டில் வந்து நின்றது. நான்கு நாள் மிச்சம். அன்றிரவு மூன்றே மூன்று நற்சான்றுகள் உள்ள ஒருவர் வந்தார். பத்து நிமிடங்களுக்குள் பதினான்கிலிருந்து தொடங்கிப் பத்துப் படிகளாக ஏறி, 43-இல் எங்களைத் தாண்டினார். தாண்டிய கணத்தில் நின்றுவிட்டார். நாங்கள் அசையவில்லை. ஏலம் 43-இல் முடிந்தது. அவருடைய பட்டியலைத் திறந்து பார்த்தோம். முப்பது நாளில் 22 முறை கேட்டிருக்கிறார். இருபத்திரண்டும் இந்த விற்பனையாளரிடம். நூற்றுக்கு நூறு.

ஆசிரியர் நண்பர், "வேறென்ன சார் சாட்சி வேண்டும்?" என்றார்.

அச்சக நண்பர் ஒன்றும் சொல்லாமல் அதே பக்கத்தில் எங்கள் கேள்வியின் மீது சொடுக்கினார். எங்களைப் பற்றிப் பிறர் பார்க்கும் பட்டியல் விரிந்தது. முப்பது நாளில் 14 முறை, அவற்றுள் 12 இதே விற்பனையாளரிடம், 86 விழுக்காடு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நாங்கள் யார்? பெயர் இல்லை, நடுவில் மூன்று நட்சத்திரங்கள், ஒரே கடையையே சுற்றிச் சுற்றி வருகிற ஒரு கணக்கு. அந்த 640 நற்சான்றுக்காரர் இதைத் திறந்து பார்த்திருந்தால் எங்களைத்தான் ஏற்றிவிடுகிற ஆள் என்று நினைத்திருப்பார். காரணம் எளியது: பழைய சென்னையைத் தொடர்ந்து விற்கிறவர் சிலரே. ஆசை உள்ளவர் சுற்றி வரத்தான் செய்வார். பேயும் பக்தரும் ஒரே கோயிலை வலம் வருகிறார்கள்; விழுக்காட்டில் இருவருக்கும் ஒரே எண்.

ஆயினும் சில குறிகளை ஒதுக்கிவிட முடியாது. மூன்று நற்சான்றுக்காரர் கடைசி நிமிடத்தில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. எப்போதும் ஏலத்தின் நடுப்பகுதியில்தான். வாங்கும் ஆசை உள்ளவர் முடிவு நேரத்தில் மடிக்கணினியின் முன் உட்கார்ந்திருப்பார். விலை ஏற்றுகிறவருக்குத்தான் முடிவு நேரம் ஆபத்தானது, தாமே மாட்டிக்கொள்ள நேரும். சிறு சிறு படிகளாக ஏறி, முந்தியவுடன் நிற்பதும் அப்படித்தான். ஆனால் புதிதாக ஏலத்துக்கு வந்து, உச்ச விலை என்றால் என்னவென்று புரியாதவரும் இப்படியேதான் ஏறுவார். ஒவ்வொரு குறிக்கும் ஒரு குற்றமற்ற விளக்கம் இருந்தது. எல்லாக் குறிகளும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தது மட்டும்தான் உறுத்தியது.

மூன்றாம் நாள் அந்தக் கடிதம் வந்தது. வென்றவரால் பணம் கட்ட இயலவில்லையாம். நாங்கள் விரும்பினால் எங்கள் விலையான 42-க்கே தருவதாக விற்பனையாளர் எழுதியிருந்தார். வழக்கமான கனிவோடுதான் எழுதியிருந்தார்.

அன்று மாலை நடந்த விவாதம் நீளமானது. வாங்கிவிடலாம் என்பது ஒரு தரப்பு. 42 என்பது நாமே மனமொப்பிச் சொன்ன விலை. அந்தப் பென்சில் எழுத்து வேறு யாரிடமாவது போனால் வாசிக்கப்படாமலே போகும். முப்பது பவுண்டு வேறுபாட்டுக்காக அதை இழப்பதா? மறு தரப்பு இப்படி: 42 நாம் தரத் தயாராக இருந்த விலை, தர வேண்டிய விலை அன்று. அந்த இல்லாத ஆளை எடுத்துவிட்டால் அடுத்து நிற்பவர் பதினொன்றரைக்காரர். விதிப்படி நம் விலை பன்னிரண்டு. வங்கி நண்பர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டுத் தம் நகை ஏல அனுபவத்தைச் சொன்னார். மீட்கப்படாத அடகு நகைகளை ஏலம் விடும் நாளில் வருகிற வியாபாரிகள் வாசலிலேயே பேசி முடித்துவிட்டு வருவார்களாம். ஒருவர் கேட்க மற்றவர் சும்மா இருப்பார். விலை ஏறவே ஏறாது. "அங்கே ஆள் இருந்தும் இல்லாத மாதிரி இருப்பான். இங்கே இல்லாதவன் இருக்கிற மாதிரி இருக்கிறான்" என்றார்.

ஆனால் எங்களை அதிகம் தொந்தரவு செய்தது இந்தப் பன்னிரண்டு அட்டைகள் அன்று. முன்பு வாங்கிய ஐந்து தொகுதிகள். ஒவ்வொன்றிலும் எங்களோடு கடைசிவரை போட்டியிட்ட ஒருவர் இருந்தார். அடையாற்றுப் பாலத்து அட்டைக்கு 27 பவுண்டு வரை துரத்தி வந்தவரைப் பற்றி நாங்கள் ஒரு கதையே கட்டி வைத்திருந்தோம்: ஸ்காட்லாந்தில் இருப்பார், வயதானவர், தாத்தா இங்கே பொறியாளராக இருந்திருப்பார் என்றெல்லாம். தோற்கடித்த பிறகு அவர் மீது இலேசான வருத்தம்கூட இருந்தது. உலகில் இன்னொருவருக்கும் அந்தப் பாலம் வேண்டியிருக்கிறது என்பது, அட்டையோடு சேர்த்து நாங்கள் வாங்கிய பொருள்களில் ஒன்று. இப்போது அவரும் சந்தேகத்துக்குரியவராகிவிட்டார். பழைய ஏலங்களின் பட்டியல்கள் குறிப்பிட்ட நாளுக்குப் பிறகு தளத்திலிருந்து நீங்கிவிடுவதால் சரிபார்க்கவும் வழியில்லை. கொடுத்த பணம் சில பவுண்டு கூடுதலாக இருந்தால் இருக்கட்டும். அந்த ஸ்காட்லாந்துக்காரர் இருந்தாரா இல்லையா என்பதே கேள்வி.

கடைசியில் இரண்டு காரியங்கள் செய்தோம். விற்பனையாளருக்குக் குற்றச்சாட்டு ஏதும் இல்லாமல் எழுதினோம்: வென்றவர் விலகிவிட்டதால், அவருடைய கேள்விகளை நீக்கிப் பார்த்தால் எங்கள் விலை 12 ஆகிறது, அந்த விலைக்கு உடனே வாங்கிக்கொள்கிறோம். விற்பவரிடம் நேராக 'நீர் மோசடிக்காரர்' என்று எழுதுவதில் பயனில்லை. நிரபராதியாக இருந்தால் புண்படுவார், அப்படி இல்லையென்றால் எச்சரிக்கையாகிப் புதுப்பெயர் எடுத்துக்கொள்வார். தளத்துக்கு ஏல எண், நேரங்கள், படிகள் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி அனுப்பினோம். எங்கள் கண்ணுக்கு நட்சத்திரங்கள்தான் தெரியும். இரண்டு கணக்குகளும் ஒரே கணினியிலிருந்து இயங்குகின்றனவா, ஒரே முகவரியா, ஒரே வங்கிக் கணக்கா என்பதெல்லாம் அவர்களுக்கு மட்டுமே தெரியும். விற்பனையாளரிடமிருந்து பதில் வரவில்லை. தளத்திலிருந்து வந்தது: ஆராய்ந்தோம், தேவையான நடவடிக்கை எடுக்கப்படும், தனியுரிமை காரணமாக முடிவைத் தெரிவிக்க இயலாது. மூன்று வாக்கியங்கள், நன்றி தனி.

அதன் பிறகு நாங்கள் பழக்கத்தை மாற்றிக்கொண்டோம். உச்ச விலையை ஒரு துண்டுத் தாளில் எழுதி மூவரும் கையெழுத்திட்டுவிட்டு, ஏலம் முடிய எட்டு அல்லது பத்து நொடி இருக்கும்போதுதான் கேட்கிறோம். ஏற்றிவிடுகிற ஆளுக்கு நம் உச்சத்தைத் தட்டிப் பார்க்க நேரமே இராது. இது கோழைத்தனம் என்பாருண்டு. ஆல்வின் ராத், ஆக்சல் ஆக்கென்ஃபெல்ஸ் என்ற இரு பொருளியலாளர்கள் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், குறித்த நொடியில் முடியும் ஈபேயையும், கடைசி நேரத்தில் யாராவது கேட்டால் பத்து நிமிடம் நீளும்படி அமேசான் அப்போது நடத்திய ஏலங்களையும் ஒப்பிட்டு, கடைசி நொடியில் கேட்கும் வழக்கம் முன்னதில்தான் மிகுதி என்று காட்டினார்கள். அதற்கு நியாயமான காரணங்கள் உண்டு என்பதும் அவர்கள் கருத்து. எங்கள் காரணம் அவற்றுள் ஒன்று. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பத்தாவது நொடியில் வந்து பறித்துக்கொண்டு போகிறவருக்குப் போட்டியாளர் என்று யாரும் இல்லை. ஏழு நாள் ஒருவரோடு ஒருவர் முகம் தெரியாமல் மல்லுக்கட்டும் அந்தச் சுகம் எங்களுக்குப் போய்விட்டது. கதை கட்டுவதற்கு ஆளே கிடைப்பதில்லை.

ஐந்து வாரம் கழித்து அந்தப் பன்னிரண்டு அட்டைகளும் மறுபடி ஏலத்துக்கு வந்தன. அதே விற்பனையாளர், அதே படங்கள். தொடக்க விலை மட்டும் 99 பென்ஸ் அன்று, 35 பவுண்டு. எங்கள் கடிதத்தாலா, தளத்தின் நடவடிக்கையாலா, அவராகவே முடிவு செய்தாரா என்பது எங்களுக்குத் தெரிய வழியில்லை. வங்கி நண்பருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இது மான்ஸ்ஃபீல்டு சொன்ன மாதிரி. இவருக்கு முப்பத்தைந்து வேண்டுமாம். இவரே வாயைத் திறந்து கேட்கிறார். கொடுக்கலாமா வேண்டாமா என்று நாம் பேசலாம்" என்றார். பன்னிரண்டு போதும் என்று ஐந்து வாரத்துக்கு முன் வாதாடிய ஆசிரியர் நண்பர்தான் முதலில் கொடுக்கலாம் என்றார். அந்த மூன்று நற்சான்றுக்காரர் வருகிறாரா என்று ஏழு நாளும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் வரவில்லை. 640 நற்சான்றுக்காரரும் வரவில்லை. எட்டாவது நொடியில் கேட்டோம், கேட்டவர்கள் நாங்கள் மட்டுமே, முப்பத்தைந்துக்கே கிடைத்தது.

உறை வந்து சேர இருபத்திரண்டு நாளாயிற்று. இரு பக்கமும் தடித்த தாள், பழைய அஞ்சல்தலைகள் எல்லாம் வழக்கம்போல. நலம் விசாரிப்பு மட்டும் இல்லை. பன்னிரண்டில் மூன்று எழுதப்படாதவை. எட்டு ஆங்கிலம், அவற்றுள் ஐந்து ஒரே கையெழுத்து, மழை வரவில்லை என்று ஐந்திலும் குறைப்பட்டுக்கொண்டிருக்கிறது. தமிழ் அட்டை ஒரு தம்பி கும்பகோணத்திலுள்ள அத்திம்பேருக்கு எழுதியது. மூர் மார்க்கெட்டில் வாங்கிய புத்தகங்களை ஒரு பெட்டியில் கட்டி ரயிலில் போட்டிருப்பதாகவும், ரசீதைத் தனித் தபாலில் அனுப்புவதாகவும் சொல்லி, அக்காளின் காய்ச்சலை விசாரிக்கிறார். என்னென்ன புத்தகங்கள் என்று நான்காம் வரியில் எழுதியிருக்கிறார்; பென்சில் அங்கேதான் மிகவும் தேய்ந்திருக்கிறது. மூன்று தலைப்புகள். முதலாவது நன்னூல் என்று வாசித்துவிட்டோம். மற்ற இரண்டையும் உருப்பெருக்கி வைத்து ஞாயிறுதோறும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.